இமைக்க மறந்த கண்கள்

தமயந்தியின் சுயம்வரத்துக்கு நளன் வந்திருந்தான். அவன் உருவத்திலேயே தேவர்கள் நால்வரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நளன்களில் உண்மையான நளன் யார் என்று தமயந்தி கண்டுகொண்ட விதம் நமக்குத் தெரிந்ததுதான். தேவர்களின் கால் நிலத்தில் பாவவில்லை, கழுத்து மாலை வாடவில்லை, கண் இமைக்கவில்லை. மனிதனான நளனுக்குக் கண் இமைத்தது. அந்தத் தமயந்தி இன்று குர்காவிலோ நொய்டாவிலோ ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் திண்டாடித்தான் போவாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அவளுக்குத் தேவர்களாகவே தெரிவார்கள்.

நான் கண் டாக்டர் அல்ல. கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்குப் பவர் எழுதிக் கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழில். முன்பெல்லாம் என் எதிரே வந்து உட்காருகிறவர்கள், "போர்டு தெரியவில்லை", "பஸ் நம்பர் தெரியவில்லை" என்பார்கள். இப்போது பாதிப் பேர் சொல்வது வேறு: "எல்லாம் தெரிகிறது சார், ஆனால் சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, நெற்றி வலிக்கிறது." தமிழர்களாக இருந்தால் கூடவே, "உடம்புச் சூடாக இருக்குமோ?" என்றும் கேட்பார்கள். ஆர்.கே. புரத்திலிருந்து வந்தாலும் மயூர் விஹாரிலிருந்து வந்தாலும் அந்தச் சூடு மட்டும் நம்மை விடுவதில்லை!

சூடு இருக்கட்டும். அவர்கள் அடுத்துக் கேட்பது, "கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப் போய்விட்டதா?" என்பது. பெரியவர்களைப் பொறுத்தவரை, இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கம்ப்யூட்டர் திரையிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணின் உள்ளே எதையும் சுட்டுவிடுவதில்லை. 1990களில் மானிட்டருக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடித் தகடு ஒன்றை மாட்டி வைத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். 'ரேடியேஷன்' பயத்தில் வாங்கியது. அது செய்ததெல்லாம் ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசுவதைக் கொஞ்சம் குறைத்ததுதான். இன்று அந்தக் கனத்த மானிட்டரும் போய்விட்டது, தகடும் போய்விட்டது, எரிச்சல் மட்டும் போகவில்லை. போகாததற்குக் காரணம், எரிச்சல் திரையிலிருந்து வருவதல்ல. திரையின் முன்னால் நாம் உட்காரும் விதத்திலிருந்து வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் இமையைப் பற்றிச் சொல்கிறேன். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நம் கருவிழியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஈரப் படலம் இருக்கிறது. கண்ணீர் என்று சொல்லிவிடுகிறோமே தவிர அது வெறும் தண்ணீர் அல்ல. அடியில் கோழை போன்ற வழவழப்பு, நடுவில் உப்புத் தண்ணீர், மேலே எண்ணெய். ரசத்தின் மேல் நெய் மிதப்பதுபோல அந்த எண்ணெய் பரவி நின்று, கீழே இருக்கும் தண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. இந்த எண்ணெயைச் சுரப்பவை இமை ஓரத்தில், ரோமங்களுக்கு உள்பக்கமாக வரிசையாக அமைந்த நுண்ணிய சுரப்பிகள். ஒவ்வோர் இமையிலும் ஏறக்குறைய இருபது முப்பது உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். இமை மூடித் திறக்கும்போதுதான் சுரப்பி அழுந்தி எண்ணெய் வெளிவருகிறது. இமை இறங்கி ஏறும்போதுதான் அது கண் முழுதும் பூசப்படுகிறது. காரின் வைப்பர் போலத் துடைக்கும் வேலை மட்டுமல்ல, மெழுகும் வேலையும் இமையினுடையது.

ஒரு தரம் இமைத்தபின் அந்தப் படலம் எவ்வளவு நேரம் கிழியாமல் இருக்கும்? நல்ல கண்ணில் பத்து வினாடிக்கு மேல் நிற்கும். வறண்ட கண்ணில் ஐந்து வினாடிகூட நிற்காது. கிழிந்த இடத்தில் கருவிழி காற்றில் காய்கிறது. உடம்பிலேயே மிக அதிகமாக நரம்பு முனைகள் உள்ள இடங்களில் ஒன்று கருவிழி. அதனால் ஒரு பொட்டு இடம் காய்ந்தாலும் எரிகிறது, உறுத்துகிறது.

ஜப்பானைச் சேர்ந்த சுபோடா, நகமோரி என்ற இரு ஆய்வாளர்கள் அலுவலக ஊழியர்களை வைத்து ஒரு கணக்கு எடுத்து 1993-இல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 தடவை இமைக்கிறார்கள். மேஜையில் புத்தகத்தை வைத்துப் படிக்கும்போது 10 தடவை. கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது 7 தடவை. நிமிடத்துக்கு ஏழு என்றால் எட்டு, ஒன்பது வினாடிக்கு ஒரு முறை. படலம் கிழியும் நேரத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சாயங்காலம் கண் ஏன் எரிகிறது என்பதற்கு உடம்புச் சூட்டைத் தேட வேண்டியதில்லை. போதாததற்கு, அந்த ஏழில் பலவும் அரைகுறை இமைப்பு. மேல் இமை பாதி வழி வந்து திரும்பிவிடுகிறது. கீழ்ப்பாதிக் கண்ணுக்கு மெழுக்கே கிடைப்பதில்லை.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. அதிகம் பேர் கவனிக்காதது. புத்தகம் படிக்கும்போதும் இமைப்பு குறைகிறதே, பிறகு ஏன் புத்தகம் படித்தவர்களுக்கு இவ்வளவு எரிச்சல் இல்லை? புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறோம். அப்போது மேல் இமை இறங்கியிருக்கிறது. காற்றில் படும் கண் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. திரையை நேராகவோ நிமிர்ந்தோ பார்க்கும்போது கண் முழுதும் திறந்து கிடக்கிறது. மூடி போட்ட பாத்திரத்துக்கும் மூடாத பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆகவே மானிட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். பார்வை சாய்வாகக் கீழே இறங்க வேண்டும். பல அலுவலகங்களில் மானிட்டரைப் பெட்டியின் மேலும் பழைய டைரிகளின் மேலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கழுத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். கண் மட்டத்துக்கு மேலே போனால் கழுத்துக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. லாப்டாப்பில் இது தலைகீழ். மேஜையில் வைத்தால் கண்ணுக்குச் சுகம், கழுத்துக்குக் கஷ்டம். நாள் முழுதும் லாப்டாப்பில் வேலை என்றால் தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொண்டு, லாப்டாப்பை நாலைந்து புத்தக உயரத்துக்கு மட்டும் தூக்கி வைத்துக்கொள்வது இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

இமைக்கப் பழகுவதும் ஒரு பயிற்சிதான். கண்ணை மெதுவாக மூடி, இரண்டு வினாடி அப்படியே வைத்து, இமைகளை லேசாக இறுக்கித் திறக்க வேண்டும். இப்படி ஐந்தாறு முறை. 'நினைவிருந்தால் செய்வேனே' என்பீர்கள். மனது வேலையில் இருக்கும்போது இமை நினைவுக்கு வராது, உண்மைதான். அதனால் நான் ஏதாவது ஒரு செயலோடு முடிச்சுப் போடச் சொல்வேன்: ஒரு மெயில் அனுப்பினால் இமை, போனை வைத்தால் இமை. வங்கியில் இருக்கும் ஓர் அம்மாள் மானிட்டர் மூலையில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார். பொட்டைப் பார்த்தால் இமைக்க வேண்டும் என்று ஏற்பாடு. "வேலை செய்கிறது சார்" என்றார்.

சிலர், "வறட்சி என்கிறீர்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறதே" என்று மடக்குவார்கள். அதுவும் வறட்சிதான். கருவிழி காய்ந்து எரியும்போது, வெங்காயம் நறுக்கும்போது சுரப்பதுபோலத் தண்ணீர் சுரக்கிறது. வழவழப்பும் எண்ணெயும் சேராத வெறும் தண்ணீர். கன்னத்தில் வழிந்து போகுமே தவிரக் கண்ணில் நிற்காது.

இதில் நம் ஊர்க் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ மாற்றலாகி இங்கே வருகிறவர்களுக்கு முதல் ஏப்ரல், மே மாதத்தில் உதடு வெடிக்கும். கண்ணும் அப்படித்தான். கடலோரக் காற்றின் ஈரத்துக்குப் பழகிய கண் தில்லியின் லூ காற்றில் தவிக்கிறது. கோடையில் ஏ.சி., குளிர்காலத்தில் ரூம் ஹீட்டர், இரண்டும் அறையின் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. கூலர் ஈரம் தருகிறதே என்றால், தருகிறது. ஆனால் அதை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டால் அந்த வேகமே கண்ணைக் காயவைத்துவிடும். ஏ.சி. காற்றும் அப்படியே. முகத்தில் அடிக்காதபடி பலகையைத் திருப்பிவிட்டாலே பாதி எரிச்சல் குறைந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நவம்பர் புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் வெளியே போய் வந்ததும் சுத்தமான தண்ணீரில் முகத்தையும் மூடிய இமைகளையும் கழுவிக்கொள்ளுங்கள். திறந்த கண்ணுக்குள் குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவும் பழக்கம் மட்டும் வேண்டாம். இருக்கிற எண்ணெயும் போய்விடும்.

இனி இரண்டாவது காரணம், தூரம். கண்ணுக்குள் இருக்கும் லென்சைச் சுற்றி ஒரு சின்னத் தசை இருக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது அது ஓய்வில் இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது அது சுருங்கி லென்சைக் குண்டாக்க வேண்டும். எவ்வளவு உழைப்பு என்பதைச் சுலபமாகக் கணக்குப் போடலாம்: 100-ஐ செ.மீ. தூரத்தால் வகுத்தால் கிடைப்பது டயாப்டர். 60 செ.மீ. தள்ளியிருக்கும் மானிட்டருக்கு ஒன்றரை டயாப்டருக்குச் சற்று மேல். 40 செ.மீ.யில் செல்போனுக்கு இரண்டரை. படுத்துக்கொண்டு மூக்கருகே 20 செ.மீ.யில் போன் பார்த்தால் ஐந்து. மானிட்டரைப் போல மூன்று மடங்கு பாரம்! இரண்டு கண்களும் மூக்குப் பக்கமாகத் திரும்பி நிற்க வேண்டிய வேலை வேறு. பகலெல்லாம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்ததால் கண் வலிக்கிறது என்று சொல்கிறவர்களிடம் ராத்திரி படுக்கையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் அசட்டுச் சிரிப்பு வரும்.

அளவுகோல் தேவையில்லை, நம் பெரியவர்கள் தந்த முழக் கணக்கே போதும். செல்போன் ஒரு முழம், மானிட்டர் ஒன்றரை முழம். எழுத்து தெரியவில்லை என்றால் தலையைக் கிட்டே கொண்டு போகாதீர்கள்; எழுத்தைப் பெரிதாக்குங்கள். அதற்கு எல்லாக் கருவியிலும் வசதி இருக்கிறது.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பால், இருபது வினாடி பார்க்க வேண்டும் என்ற '20-20-20' விதி இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. அமெரிக்க ஆப்டோமெட்ரிஸ்ட் ஜெஃப்ரி ஆன்ஷெல் என்பவர் நினைவில் நிற்பதற்காக அமைத்துக் கொடுத்த வாய்பாடு அது. எண்கள் வேதவாக்கு அல்ல. நம் டி.டி.ஏ. குடியிருப்புகளில் இருபது அடி நீள அறைக்கு எங்கே போவது? பால்கனி வழியாக எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள், வேப்ப மரத்தைப் பாருங்கள். பத்து அடி தள்ளி மாட்டியிருக்கும் காலண்டரில் கண்ணை வைத்தால்கூடத் தசை ஏறக்குறைய முழு ஓய்வுக்குப் போய்விடும். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து உடனே செல்போனைப் பார்ப்பதைத்தான் ஓய்வு என்று சொல்ல முடியாது.

கண்ணாடிக்கு வருகிறேன். என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எனக்குப் பவர் கால்தான், அரைதான், அது இல்லாமலே தெரிகிறது" என்று கண்ணாடியைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் பலர். சாலையைப் பார்க்க அது போதும். எட்டு மணி நேரம் சின்ன எழுத்தைப் பார்க்கப் போதாது. குறிப்பாக 'சிலிண்டர்' பவர் உள்ளவர்களும், இளம் வயதில் தெரியாமல் மறைந்திருக்கும் தூரப்பார்வை உள்ளவர்களும் அந்தக் குறையைத் தசையை வருத்தித்தான் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாலைத் தலைவலியாக அது வட்டியோடு திரும்பி வருகிறது.

நாற்பதைத் தாண்டியவர்களின் கதை வேறு. லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்து எழுத்து மங்குகிறது. வெள்ளெழுத்து என்கிறோம், என் பாட்டி சாளேஸ்வரம் என்பார். இதற்கு 'புரோகிரசிவ்' கண்ணாடி போட்டுக்கொள்வது இப்போது வழக்கம். மேல் பகுதியில் தூரம், அடியில் படிப்பு, நடுவில் ஒடுங்கிய ஒரு பாதையில் கம்ப்யூட்டர் தூரம். தெருவில் நடக்க, கடைக்குப் போக, கோயிலுக்குப் போக அருமையான கண்ணாடி. ஆனால் நாள் முழுதும் மானிட்டர் பார்ப்பவர் என்ன செய்கிறார்? அந்த ஒடுங்கிய பாதையைத் தேடி முகவாயைத் தூக்கிக்கொள்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் இரண்டு வருஷம் கழுத்து வலிக்குக் காலர் போட்டுக்கொண்டு அலைந்தார். பிசியோதெரபி, தலையணை மாற்றம் எல்லாம் ஆயிற்று. பரிசோதனைக்கு வந்தவர் என் மானிட்டரைப் பார்த்த தோரணையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. தலையை அண்ணாந்து, மூக்குக் கண்ணாடியின் அடிப் பாகம் வழியாகப் பார்த்தார். கம்ப்யூட்டருக்கென்று தனியாக, ஒரே பவரில், ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். சாதாரண பிரேம், சாதாரண லென்ஸ். இரண்டு மாதத்தில் காலரைக் கழற்றிவிட்டார்.

கணக்கு இதுதான்: படிப்பதற்கு 40 செ.மீ.யில் கூடுதலாக 2.00 பவர் தேவைப்படுகிறவருக்கு 60 செ.மீ. மானிட்டருக்கு ஏறக்குறைய 1.25 போதும். படிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் எழுத்து மங்குகிறதென்று முன்னால் சாய்ந்து சாய்ந்து முதுகைக் கெடுத்துக்கொள்வதும் இந்தக் கணக்குப் புரியாததால்தான். எனவே கண் சோதனைக்குப் போகும்போது உங்கள் மானிட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைக் கேட்காமலே பவர் எழுதுகிற இடத்தில் நீங்களாகவாவது சொல்லுங்கள்.

இப்போது எல்லாக் கடையிலும் வற்புறுத்தி விற்கும் 'புளூ கட்' கண்ணாடி. நீல ஒளியைத் தடுத்துக் கண்ணைக் காக்குமாம். திரையிலிருந்து வரும் நீல ஒளி, பகல் வெளிச்சத்தில் சும்மா நடந்தால் கண்ணில் படும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். 2023-இல் காக்ரேன் என்ற அமைப்பு, ஆறு நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கம்ப்யூட்டரால் வரும் கண் சோர்வைக் குறைப்பதில் இந்தக் கண்ணாடிக்கும் சாதாரணக் கண்ணாடிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை என்பதே அதன் முடிவு. கண்ணாடி விற்கும் தொழிலில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் சகாக்களுக்கு என்மேல் வருத்தம் வரலாம். வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. வாங்காதவர்கள் அந்தப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்கலாம்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மானிட்டரை அணைத்துவிட்டு அதன் கறுப்புத் திரையைப் பாருங்கள். ஜன்னலும் டியூப் லைட்டும் அதில் தெரிந்தால் மேஜையைத் திருப்பிப் போடுங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருப்பது நல்லது. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே வெளுப்பாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்தால் போதும். இருட்டில் போன் பார்ப்பது குருடாக்காது. ஆனால் கூசும், தூக்கமும் கெடும்.

சரி, எரிச்சல் வந்துவிட்டது. வீட்டில் என்ன செய்யலாம்? சுத்தமான துணியை, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆற ஆற மாற்றுங்கள். இமைச் சுரப்பிகளில் உறைந்துபோன எண்ணெய் இளகும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரல் நுனியால் மெதுவாக நீவிவிடுங்கள். காலையில் பூளை கட்டுகிறவர்களுக்கும், அடிக்கடி கண்கட்டி வருகிறவர்களுக்கும் இரண்டு வாரம் விடாமல் செய்தால் பலன் தெரியும். கண் சூடு என்று நினைத்துக் குளிர்ந்த துணியையே வைத்துப் பழகியவர்களுக்கு இது விநோதமாகப் படும். குளிர்ச்சி அரிப்புக்கு நல்லது. எண்ணெய் அடைப்புக்கு வெதுவெதுப்புத்தான் வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் குறை சொல்ல மாட்டேன். குளித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினால் அன்று முழுதும் திரை பார்க்கவில்லை, அதுவே வைத்தியம். பொன்னாங்கண்ணிக் கீரையும் காரட்டும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறவருக்குத் திரையால் வரும் எரிச்சல் அதனால் போகாது. கண்ணுக்குள் விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன், பன்னீர் எதையும் விட வேண்டாம். இங்கே குலாப் ஜலைக் கண்ணில் விட்டுக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அக்கம்பக்கத்தார் அன்போடு சீசாவை நீட்டினால் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். சுர்மாவும் வேண்டாம். அதில் ஈயம் இருப்பதுண்டு. இமை விளிம்பில் தீட்டும் மையும் சுரப்பிகளின் வாயை அடைத்துவிடும்.

செயற்கைக் கண்ணீர் என்று விற்கும் சொட்டு மருந்துகள் பொதுவாகப் பாதுகாப்பானவை. கெடாமல் இருக்க ரசாயனம் சேர்த்த மருந்தானால் நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் போடக் கூடாது. அதற்கு மேல் தேவைப்படுகிறவர்கள் அந்த ரசாயனம் இல்லாத வகையை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். கண் சிவப்பை உடனே வெளுக்க வைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. அவை ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன, அவ்வளவுதான். மருந்தின் வேகம் இறங்கியதும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொரு மருந்துக்கு. சில வருஷங்களுக்கு முன் நொய்டாவில் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் முப்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றார். கண் எரிகிறது என்று வீட்டருகே மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். போட்ட அன்றே எரிச்சல் நின்றுவிட்டது. மந்திரம் போல வேலை செய்கிறதே என்று எட்டு மாதமாக அதையே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். சீசாவைக் காட்டச் சொன்னேன். ஸ்டீராய்டு. கண்ணின் உள் அழுத்தத்தைச் சோதித்தேன். பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது ஒரு கண்ணில் 38, மற்றதில் 34. அன்றே கண் டாக்டரிடம் அனுப்பினேன். மருந்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கினார்கள். ஆனால் பார்வை நரம்பில் அதற்குள் சேதம் ஏற்பட்டிருந்தது. வலது கண்ணில் ஓரப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது. அது திரும்பாது. திரை அவர் கண்ணை ஒன்றும் செய்யவில்லை. சீட்டு இல்லாமல் வாங்கிய சீசா செய்தது.

ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், டாக்டர் கையில். எல்லோருக்கும் அழுத்தம் ஏறாது. யாருக்கு ஏறும் என்று முன்கூட்டியே முகத்தில் எழுதியிருக்காது. ஏறும்போது வலியும் தெரியாது. ஆகவே கண் மருந்தைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்காதீர்கள், பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மருந்தைப் போட்டுக்கொள்ளாதீர்கள், மூன்று மாதத்துக்கு முன் எழுதிய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் 'திரை கண்ணைக் கெடுக்காது' என்று அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். வளரும் கண் நீண்டு வளர்ந்தால் அதுதான் கிட்டப்பார்வை, பிறகு சுருங்காது. எய்ம்ஸ் கண் மருத்துவர்கள் தில்லிப் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதிக நேரம் படிப்பவர்களிடமும், டி.வி., கம்ப்யூட்டர், மொபைல் விளையாட்டு என்று இருப்பவர்களிடமும் அது அதிகம். தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பவர்களிடம் குறைவு. தைவான் நாட்டில் 2010 முதல் பள்ளிக் குழந்தைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே விடும் திட்டமே நடத்தி, வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்த கணக்கைத் திருப்பிக் காட்டினார்கள். ஓடி விளையாட வேண்டும் என்றுகூட இல்லை. வெளி வெளிச்சத்தில் இருந்தால் போதும், மர நிழலானாலும் சரி. 2020-21இல் ஆன்லைன் வகுப்புக்காகக் குழந்தைகள் கையில் கொடுத்த செல்போனைப் பல வீடுகளில் இன்னும் திரும்ப வாங்க முடியவில்லை. முழுதும் பிடுங்க முடியாவிட்டால் பெரிய திரைக்கு மாற்றித் தள்ளி உட்கார வையுங்கள். கைக்குள் வைத்துப் பார்ப்பதைவிட எட்டடி தள்ளி டி.வி.யில் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆறு மாதத்துக்கொரு முறை பவர் ஏறிக்கொண்டே போகும் குழந்தையைக் கண்ணாடிக் கடையோடு நிறுத்தாமல் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஏறும் வேகத்தைக் குறைக்க இப்போது சிகிச்சை இருக்கிறது.

எல்லா எரிச்சலும் திரையால் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அலர்ஜி மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் கண்ணை வறளச் செய்யும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வறட்சி அதிகம். வாயும் சேர்ந்து வறண்டால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். திடீரென்று பார்வை மங்குவது, மின்னல் வெட்டுவது போலத் தோன்றுவது, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது, விளக்கைச் சுற்றி வானவில் வளையத்தோடு கண் வலியும் வாந்தியும் வருவது, இவற்றுக்கெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சோதனைக்குக் கிளம்பும் முன் ஒரு சின்ன வேலை. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணிலிருந்து மானிட்டருக்கு எத்தனை செ.மீ. என்று தையல் டேப்பால் வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனுக்கும் அப்படியே. சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் அதே தாளில் எழுதுங்கள். பழைய கண்ணாடிகள் எல்லாவற்றையும், கண்ணில் விட்டுக்கொண்டிருக்கும் மருந்துச் சீசாவையும் கையோடு எடுத்து வாருங்கள். காலி சீசாவானாலும் பரவாயில்லை.